தேன்குழல் காறாமல் இருக்க: புதினாக் குடும்பத்து இலைகளோடு ஒரு செய்முறைப் பதிவு

செட்டிநாட்டுப் பலகாரங்களில் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை ஆகியவை தகர டின்களில் நிரப்பப்பட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. அவற்றின் ஆயுளைத் தீர்மானிப்பது மாவைவிட, மாவு குடித்திருக்கும் எண்ணெய்தான். மொறுமொறுப்பு சற்றும் குறையாமல் இருந்தாலும், டின்னைத் திறந்தவுடன் சிக்கு வாடை அடித்தால் அந்தப் பலகாரத்தை யாரும் இரண்டாவது முறை கையில் எடுப்பதில்லை. காரைக்குடியில் எங்கள் தெருவில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்துகொடுக்கும் ஆச்சி ஒருவர், சித்திரை, வைகாசியில் இந்த வாடை வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது என்றும், அதற்காகக் கடையில் விற்கும் எந்தப் பொடியையும் சேர்க்கத் தமக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னார். வீட்டைச் சுற்றி வளரும் புதினாக் குடும்பத்துச் செடிகளில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களைக் கொண்டு, கடலை எண்ணெயில் பொரித்த தேன்குழல் காறிப்போவதைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கும் வேலை அப்படித்தான் தொடங்கியது. செய்த வரிசையிலேயே, ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எண்ணெய் காறுவது எப்படி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடலை எண்ணெயில் ஒலியிக் அமிலமும் அதற்கு அடுத்தபடியாக லினோலியிக் அமிலமும் மிகுதி. லினோலியிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் எளிதாகக் கழன்றுகொள்ளும். அப்படிக் கழன்ற இடத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு பெராக்ஸைடாக மாறுகிறது. ஹைட்ரஜனை இழந்த அந்தப் பக்கத்து மூலக்கூறு அதே வேலையை அடுத்ததற்குச் செய்கிறது. பெராக்ஸைடுக்கு வாசனை இல்லை. அது உடைந்து ஹெக்ஸனால் முதலிய ஆல்டிஹைடுகளாகும்போதுதான் மூக்குக்குத் தெரிகிறது. ஆகவே வாடை வந்த நாளில் காறல் தொடங்குவதில்லை. தொடங்கி வெகுநாள் ஆகியிருக்கும். வெப்பம், வெளிச்சம், இரும்பு, செம்பு ஆகிய நான்கும் இந்தச் சங்கிலியை விரைவுபடுத்துபவை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது, எண்ணெய் மூலக்கூறு கொடுக்கவேண்டிய ஹைட்ரஜனைத் தான் முந்திக்கொண்டு கொடுத்து, கொடுத்த பிறகும் தான் நிலையாக நின்று, சங்கிலியை அந்த இடத்தில் அறுத்துவிடும் பொருள்.

சோதனைக்குக் கடலை எண்ணெயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நல்லெண்ணெயில் செசமோல், செசமோலின் போன்ற பொருள்கள் இயற்கையாகவே இருப்பதால் அது எளிதில் காறாது. அதில் இலையின் பங்கைப் பிரித்துப் பார்ப்பது கடினம். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அதன் காறல் பெரும்பாலும் ஈரத்தால் வருவது. அது வேறு வகை. பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த எண்ணெய்களை வாங்குமுன் பின்புறத்தைப் படிக்க வேண்டும். ஐ.என்.எஸ். 319 என்ற எண் இருந்தால் டி.பி.ஹெச்.க்யூ. என்ற செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எனவே, எதுவும் சேர்க்காமல் கண்ணெதிரே ஆட்டிக்கொடுத்த செக்குக் கடலை எண்ணெயையே எல்லாச் சோதனைகளுக்கும் பயன்படுத்தினோம்.

புதினாக் குடும்பத்துச் செடியை அடையாளம் காண்பது எளிது. இளந்தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பட்டையாகத் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக, ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் குறுக்காக அமைந்திருக்கும். பூ மேலுதடும் கீழுதடுமாகப் பிளந்திருக்கும். செம்மண்ணும் வறட்சியுமான எங்கள் பக்கத்திலேயே இந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு துளசி, தொட்டியில் கற்பூரவல்லி, சந்தையில் புதினா, பூக்காரர்களிடம் மரு, வாய்க்கால் ஓரத்தில் திருநீற்றுப்பச்சிலை, தரிசில் தும்பையும் பேய்மிரட்டியும், வேலியோரத்தில் நொச்சி என்று ஒரு காலை நடையில் அத்தனையும் கிடைத்துவிடும். மருக்கொழுந்து இந்தக் குடும்பம் அன்று. அது செவ்வந்தியின் உறவு. நொச்சியை முன்பு வேறு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பின்னர்தான் இங்கே மாற்றினார்கள். அப்படி மாறி வந்த இன்னொரு மரம் தேக்கு. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பைத் தாங்கி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் தாவரவியல் கணக்கில் புதினாவுக்குச் சொந்தம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தட்டுகிறது. தேக்கைக் கறையானிடமிருந்து காக்கும் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் உணவுக்கு உரியவை அல்ல. தேக்குத்தூள் தோலில் பட்டாலே சிலருக்கு அரிப்பு வரும். ஆகவே அது இந்தச் சோதனையில் இல்லை.

இந்தச் செடிகளில் எதைத் தேடுகிறோம் என்பதுதான் முக்கியம். கற்பூரவல்லி இலையைக் கசக்கினால் வரும் ஓம வாசனைக்குக் காரணம் தைமாலும் கார்வக்ராலும். துளசியின் கிராம்பு மணத்துக்கு யூஜினால். சந்தைப் புதினாவின் மணத்துக்குக் கார்வோன் அல்லது மெந்தால். இவற்றில் தைமால், கார்வக்ரால், யூஜினால் மூன்றும் பீனால் வகை. ஹைட்ரஜனைக் கொடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. மெந்தாலும் கார்வோனும் பீனால்கள் அல்ல. எண்ணெயைக் காப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இல்லை. ஆனால் புதினாவில் வாசனையே இல்லாத வேறொரு பொருள் நிறைய இருக்கிறது: ரோஸ்மரினிக் அமிலம். 1958-இல் ஸ்கார்ப்பாட்டி, ஓரியென்ட்டே என்ற இத்தாலிய வேதியியலாளர்கள் ரோஸ்மேரிச் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கஃபெயிக் அமிலமும் அதன் நெருங்கிய உறவான இன்னோர் அமிலமும் இணைந்த எஸ்டர் இது. அதன் இரண்டு முனைகளிலும் கேட்டிகால் எனப்படும், அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்ஸில் கொண்ட வளையம் ஒவ்வொன்று இருக்கிறது. ஹைட்ரஜனை எளிதில் கொடுத்துவிட்டுக் குவினோனாக மாறி அமைதியாக நிற்பது அந்த வளையத்தின் இயல்பு. புதினா, துளசி, கற்பூரவல்லி, மரு, திருநீற்றுப்பச்சிலை ஆகியவை அடங்கிய துணைக்குடும்பத்தில் இந்த அமிலம் பரவலாகக் காணப்படுகிறது. தும்பையும் பேய்மிரட்டியும் இருக்கும் துணைக்குடும்பத்தில் பெரும்பாலும் அது இல்லை. அங்கே வெர்பாஸ்கோசைடு போன்ற வேறு சேர்மங்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன.

வாசனை மிகுந்த இலைதான் எண்ணெயை அதிகம் காக்கும் என்ற எண்ணத்தை இந்த வேலையின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்தோம். வாசனை ஆவியாகிப் போகும் பொருள். 170, 180 டிகிரிச் சூட்டில் மாவிலிருந்து நீராவி குமிழியிட்டுக் கிளம்பும்போது தைமாலையும் யூஜினாலையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். ரோஸ்மரினிக் அமிலம் ஆவியாவதில்லை, மாவிலேயே தங்கிவிடும். பலகாரத்துக்கு வேண்டியது அதுதான்.

இலையைப் பதப்படுத்தியதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பலன் இங்கேதான் கிடைக்கிறது அல்லது தொலைகிறது. பச்சை இலையில் ரோஸ்மரினிக் அமிலம் செல்லின் சாற்றறையில் இருக்கிறது. அதை ஆக்ஸிஜனோடு சேர்த்துவைக்கும் பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி வேறோர் அறையில் இருக்கிறது. இலை கசங்கினாலோ, அறுபட்டாலோ, மெல்ல வாடினாலோ இரண்டும் கலந்து, அமிலம் பழுப்பு நிறப் பொருளாகிவிடுகிறது. கற்பூரவல்லியின் தடித்த இலையைக் கத்தியால் இரண்டாக நறுக்கி வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வெட்டுவாயில் முதலில் ஒரு மெல்லிய தேன்நிறக் கோடு விழும்; பிறகு அது தடித்து, நரம்பின் வழியே உள்ளே இறங்கி, சற்று நேரத்தில் விளிம்பு முழுவதும் கருத்துவிடும். அதே செடியிலிருந்து பறித்த இன்னோர் இலையை இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டி எடுத்து நறுக்கினால், நிறம் மாறாமல் பசுமையாகவே கிடக்கும். நொதி சூட்டில் செத்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே எல்லா இலைகளையும் காம்பு கிள்ளி, கழுவி, துணியில் ஒற்றி, இட்லித் தட்டில் பரப்பி இரண்டு நிமிடம் ஆவி காட்டிய பிறகே காயப்போட்டோம். ஆவியில் கொஞ்சம் வாசனை போகிறது; அது நமக்குத் தேவையில்லாதது. கற்பூரவல்லியில் தண்ணீர்ச் சத்து மிக அதிகம் என்பதால் நீளவாக்கில் கீறி வைத்தாலொழிய அது காய்வதற்குமுன் ஊசிப்போகும். காயப்போட்ட இடம் வளவைச் சுற்றியுள்ள நடை. நடுவில் வானம் பார்த்த முற்றம் இருப்பதால் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுச் சாய்ப்பின் கீழ் நேர்வெயில் விழாது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் வற்றலுக்கும் வடகத்துக்கும் செய்துவைத்த வசதி இலைக்கும் அப்படியே பொருந்துகிறது. இலையை மடித்தால் சடக்கென்று முறியும் பதம் வந்ததும் தகர டின்னில் போட்டு மூடி வைத்தோம், பொடியாக்கவில்லை. பொடியாக்கினால் காற்றுப்படும் பரப்பு கூடிவிடும்.

அடுத்தது, எந்த இலையில் சத்து மிகுதி என்று வீட்டிலேயே பார்ப்பது. ஆய்வகத்தில் இதற்கு டி.பி.பி.ஹெச். சோதனை உண்டு, 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் அறிமுகம் செய்தது. ஊதா நிறக் கரைசல் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் நிறக்குறைவை அளப்பார்கள். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் துறையான மின்வேதியியலின் வழியாகவும் இதை அளக்கலாம்: குறைந்த மின்னழுத்தத்திலேயே எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் பொருள் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். என்னிடம் இருந்ததோ அடுப்படியும் நாட்டு மருந்துக் கடையும்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி இரும்பு சல்பேட்டுதான். கடுக்காயோடு சேர்த்து மை காய்ச்ச ஒருகாலத்தில் பயன்பட்ட அதே சரக்கு. வாங்கும்போதே அதன்மேல் மஞ்சள் துரு படிந்திருக்கும். நமக்கு வேண்டியது துருவேறிய அந்த இரும்புதான். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, காற்றுப்பட வைத்து, செம்மஞ்சள் சாயல் ஏறியதும் தெளிவை இறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வோர் இலையிலும் 5 கிராமை 100 மில்லி சுடுநீரில் போட்டு, கொதிக்கவிடாமல் 10 நிமிடம் மூடிவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒவ்வொரு கஷாயத்திலும் சில சொட்டுகளை வரிசையாக வைத்து, அன்னபேதி நீரை ஒவ்வொரு சொட்டாகத் தொட்டுவிட்டோம். புதினாச் சொட்டு தொட்ட கணத்திலேயே கரும்பச்சையானது. நடுவில் தொடங்கிய நிறம் விளிம்புவரை புகைபோல விரிந்து நின்றது. துளசியும் கற்பூரவல்லியும் அதற்குச் சற்றே பின்னால். மருவும் நன்றாகவே நிறம் காட்டியது. நொச்சி நடுத்தரம். தும்பையில் மங்கிய பச்சைதான். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு துளி சமையல் சோடா நீரைச் சேர்த்தபோது, பச்சை மறைந்து கத்தரிப்பூ நிறமும், இன்னும் சேர்த்தால் சிவப்புக் கலந்த நிறமும் வந்தன. அமிலத்தன்மையில் ஓர் இரும்பு அணுவோடு ஒரு கேட்டிகால் மட்டுமே சேரும். காரம் ஏற ஏற இரண்டாகவும் மூன்றாகவும் சேரும். அதற்கேற்ப நிறம் மாறும். இந்த வரிசை வந்தால், நாம் பார்ப்பது கேட்டிகால் வகைதான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சோதித்த தட்டைத் தனியே கழுவி வைக்க வேண்டும். அன்னபேதி பட்ட எதையும் வாயில் வைக்கக் கூடாது.

நிறம் அளவைச் சொல்லாது, தன்மையைத்தான் சொல்லும். அளவுக்காக அயோடின் சோதனை செய்தோம். வடித்த கஞ்சியில் நீர் கலந்து, புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினை அதில் சில சொட்டு விட்டால் அடர்நீலம் வரும். அதில் கஷாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறைய எத்தனை சொட்டு வேண்டும் என்று எண்ண வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக்கொள்ளலாம். வைட்டமின் சி நீலத்தை நொடியில் அழிக்கும். ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பாலிபீனால்கள் நின்று நிதானமாகத்தான் அழிக்கும். எனவே ஒவ்வொரு சொட்டுக்குப் பிறகும் காத்திருந்து எண்ண வேண்டும். இதிலும் புதினாவே முன்னால் நின்றது. ஆவி காட்டாமல் மெல்ல வாடவிட்ட அதே புதினாவுக்கு நீலத்தை மறைக்கத் தெளிவாகக் கூடுதல் சொட்டுகள் தேவைப்பட்டன. இட்லிப் பானைக்குச் செலவான அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு மதிப்புள்ளது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

தண்ணீரைப் பற்றி ஒரு குறிப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்ட கஷாயம் மதியத்துக்குள் கருத்துவிட்டது; மழைநீரில் போட்டது மறுநாளும் வெளிர்பழுப்பாகவே இருந்தது. கிணற்று நீரின் காரத்தன்மை கேட்டிகாலை ஆக்ஸிஜனோடு வேகமாகச் சேர்த்துவிடும். அதில் இரும்பும் கலந்திருந்தால் கருமை இன்னும் கூடும். செட்டிநாட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஊருணி நீரையும், முற்றத்தில் விழும் மழைநீரையும் தனியே போற்றிவந்ததற்கு இந்தக் கஷாயம் இன்னொரு காரணம் சொல்கிறது. பாத்திரமும் எவர்சில்வராகவோ மண்சட்டியாகவோ இருக்க வேண்டும். இரும்புச் சட்டியில் ஊற்றினால் மை காய்ச்சியது போலாகிவிடும்.

இனி எண்ணெய். இலையை நேரே எண்ணெயில் ஊறவைப்பதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. மூலிகை எண்ணெய் காய்ச்சிப் பழகிய வீடுகளில் அது இன்னும் இயல்பு. அதையும் சோதித்தோம். காய்ந்த புதினாவையும் கற்பூரவல்லியையும் தனித்தனியே வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டி, சிறு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றினோம். எதுவும் சேர்க்காத எண்ணெயையும் அப்படியே ஊற்றினோம். ஒவ்வொன்றிலும் ஒரு புட்டியை மாடியில் வெயில்பட வைத்து, மற்றொன்றைக் கறுப்புத்தாள் சுற்றி அதன் பக்கத்திலேயே வைத்தோம். வெப்பம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு வெளிச்சம் மட்டுமே.

அழகான பச்சை நிறத்தோடு வெயிலில் நின்ற இலை எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் காறியது. எதுவும் சேர்க்காத எண்ணெய்கூட அதைவிடத் தாங்கியது. கறுப்புத்தாளுக்குள் இருந்த இலை எண்ணெயோ எல்லாவற்றுக்கும் கடைசிவரை வாடையின்றி நின்றது. இலை ஒன்று, எண்ணெய் ஒன்று, வெப்பமும் ஒன்று. வெளிச்சம் பட்டதா இல்லையா என்பதில்தான் பலன் நேர் எதிராகப் புரண்டது. காரணம் பச்சையம். எண்ணெய் இலையிலிருந்து பச்சையத்தையும் இழுத்துக்கொள்கிறது. பச்சையம் வெளிச்சத்தை வாங்கி, அந்த ஆற்றலை ஆக்ஸிஜனுக்குக் கொடுத்து, ஒற்றைநிலை ஆக்ஸிஜன் என்ற மிகு வினைத்திறன் கொண்ட வடிவமாக மாற்றுகிறது. அது ஹைட்ரஜன் கழலும்வரை காத்திருப்பதில்லை. இரட்டைப் பிணைப்பிலேயே நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ரோஸ்மரினிக் அமிலம் சங்கிலியை அறுக்க வல்லது. ஆனால் சங்கிலியே இல்லாமல் வரும் இந்தத் தாக்குதலின்முன் அதனால் அதிகம் செய்ய இயலாது. நல்ல ஆலிவ் எண்ணெயை இருண்ட நிறப் புட்டியில் அடைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கடை அலமாரியில், கண்ணாடிப் புட்டியில், விளக்கொளியில் பளபளக்கும் பச்சை மூலிகைச் சமையல் எண்ணெயைக் காணும்போது எனக்கு இப்போது கவலைதான் வருகிறது.

காறலை மூக்கால் மட்டும் முடிவு செய்யவில்லை. பெராக்ஸைடு இருந்தால் அது பொட்டாசியம் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும். ஆய்வகத்தில் அதைத் தயோசல்பேட்டால் அளந்து பெராக்ஸைடு எண் என்பார்கள். சர்வதேச உணவுத் தரக் குறிப்பில் சுத்திகரித்த எண்ணெய்க்கு 10, செக்கில் ஆட்டிய வகைக்கு 15 என்பது மேல்வரம்பு. நான் எண்ணெயில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வினிகரும் அயோடைடு நீரும் கஞ்சித்தெளிவும் சேர்த்து, இருட்டில் வைத்து, நீலத்தின் அடர்த்தியை மட்டும் ஒப்பிட்டேன். அயோடைடு காற்றிலேயே சிறிது நீலம் காட்டும் என்பதால், எண்ணெய் சேர்க்காத ஒரு குவளையையும் ஒவ்வொரு முறையும் உடன் வைத்தேன். வாடை தட்டாத நிலையிலேயே வெயில்பட்ட பச்சை எண்ணெய் அடர்நீலம் காட்டியது.

அப்படியானால் இலையிலிருந்து ரோஸ்மரினிக் அமிலம் வேண்டும், பச்சையம் வேண்டாம். இரண்டையும் பிரிக்கும் வழி தண்ணீர். ரோஸ்மரினிக் அமிலம் நீரில் கரையும், பச்சையம் கரையாது. வடிகட்டிய கஷாயம் வெளிர்பழுப்பாக இருப்பதே அதற்குச் சாட்சி. தேன்குழல் மாவை எப்படியும் தண்ணீர் விட்டுத்தான் பிசைகிறோம். அந்தத் தண்ணீருக்குப் பதிலாகக் கஷாயத்தை விட்டுப் பிசைந்தால், பொரிக்கும்போது நீர் ஆவியாகி வெளியேற, அமிலம் மாவின் நுண்துளைகளில் படிந்துவிடும். எண்ணெய் வந்து தங்குவதும் அதே துளைகளில்தான். எண்ணெயில் கரையாத பொருள் எண்ணெயை எப்படிக் காக்கும் என்ற ஐயம் எழலாம். ஆக்ஸிஜன் எண்ணெயைத் தாக்குவது பெரும்பாலும் அதன் ஓரங்களில், காற்றோடும் ஈரத்தோடும் உரசும் இடங்களில். நீரை நாடும் ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் அந்த எல்லைகளில் போய்த் தங்குவதால், தனி எண்ணெயில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன என்பது இத்துறையில் பழகிய கருத்து.

நாலு பங்கு பச்சரிசி மாவு, ஒரு பங்கு வறுத்தரைத்த உளுத்தம் மாவு, வெண்ணெய், உப்பு, சீரகம் என்று ஆச்சியின் வழக்கமான அளவை மாற்றவில்லை. பாதி மாவை மழைநீரிலும் மறுபாதியைக் கஷாயத்திலும் பிசைந்தோம். ஒரே சட்டியில் பொரித்தால் ஒன்றின் சத்து எண்ணெய் வழியாக மற்றதற்குப் போகும். ஒன்றை முதலிலும் மற்றதைப் பின்னாலும் பொரித்தால் பின்னது பழகிய எண்ணெயில் வேகும். ஆகவே ஒரே டின்னில் எடுத்த எண்ணெயை இரண்டு சட்டிகளில் ஊற்றி, இரண்டையும் ஒரே நேரத்தில் பொரித்தோம். துளசிக் கஷாயத்தைக் கையில் எடுத்தபோது ஆச்சி தடுத்துவிட்டார். “துளசி சாமிக்கு வைக்கிறது தம்பி. அதைக் கொண்டுபோய் எண்ணெச் சட்டியில காட்ட வேண்டாம். புதினாவே போதும்ங்க.” சோதனையின்படியும் புதினாவே முன்னணியில் இருந்ததால், அவர் சொன்னது எல்லா வகையிலும் சரியாகவே அமைந்தது. கற்பூரவல்லியையும் பிசைந்து பார்த்தோம். பொரித்த பிறகும் நாக்கின் ஓரத்தில் சிறு கசப்பு தங்கியது. புதினாவில் பிசைந்த தேன்குழலில் புதினா வாசனை இல்லை. நிறம் மட்டும் ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருந்தது.

ஒரே அளவு டின்களில் அடைத்து, வீட்டின் இரண்டாம் கட்டில் வெளிச்சம் நுழையாத உள்ளறையில் வைத்து, அவ்வப்போது எடுத்து முகர்ந்தும் தின்றும் பார்த்தோம். எது எது என்று தெரிந்துகொண்டு சுவைத்தால் நாக்கு நம் விருப்பத்தையே சொல்லும். அதனால் மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் வைத்து, வேறுபட்டது எது என்று கேட்கும் முறையைக் கையாண்டோம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வரும் என்பதால், ஒருவர் ஒருமுறை சரியாகச் சொன்னதைக் கணக்கில் கொள்ளாமல், ஆச்சி வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். தொடக்கத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. வைகாசி வெக்கை ஏறிய பிறகு, மழைநீரில் பிசைந்ததை எல்லோரும் தவறாமல் அடையாளம் காட்டத் தொடங்கினார்கள். புதினாவில் பிசைந்தது அப்போதும் பொரித்த அன்றைய மணத்தோடு இருந்தது. தேன்குழலைப் பொடித்து ஆல்கஹாலில் ஊறவைத்து அயோடைடு சோதனை செய்தபோது நீலத்தின் அடர்த்தியும் அதையே சொன்னது.

ரோஸ்மேரிச் சாற்றை 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இ 392 என்ற எண்ணில் உணவுச் சேர்க்கையாக அனுமதித்தது. அதில் முதன்மையானவை கார்னோசிக் அமிலமும் கார்னோசோலும். இவை எண்ணெயிலேயே கரைபவை. ரோஸ்மேரி நீலகிரியில் விளைகிறது. எங்கள் வெயிலில் நிற்பதில்லை. கைக்கு எட்டுவது புதினாதான். அதை வைத்துச் செய்த வேலை இது.

இந்தப் பலனை உடம்புக்கும் நீட்டிப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெயில் ஹைட்ரஜன் கொடுக்கும் பொருள் இரத்தத்திலும் அதே வேலையைச் செய்யும் என்று கொள்ள முடியாது. ரோஸ்மரினிக் அமிலத்தின் பெரும்பகுதி குடல் நுண்ணுயிர்களாலும் கல்லீரலாலும் வேறு வடிவமாக மாற்றப்பட்டுவிடுகிறது. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எண்களாகத் தந்த ஓராக் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் விலக்கிக்கொண்டது, அந்த எண்கள் உடல்நலப் பலனைக் காட்டுவதில்லை என்பதாலும், நிறுவனங்கள் அவற்றை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தியதாலும். புதினாவில் பிசைந்த தேன்குழலும் பொரித்த பலகாரமே. நோயாளிக்கு நல்லது என்று சொல்லி அதை யாரும் விற்க வேண்டாம்.

இப்போது ஆச்சி வீட்டில் நடைமுறையில் இருப்பது இதுதான். ஆவி காட்டி நிழலில் உலர்த்திய புதினா இலை 20 கிராமுக்கு, கொதி அடங்கிய மழைநீர் 400 மில்லி. 10 நிமிடம் மூடிவைத்து, துணியில் பிழியாமல் வடிய விடுகிறார்கள், ஏனென்றால் பிழிந்தால் இலைத்தூளோடு பச்சையமும் இறங்கும். கஷாயத்தை அன்றன்றைக்கே மாவில் சேர்த்துவிடுகிறார்கள். இரவு தங்கிய கஷாயத்தைச் செடிக்கு ஊற்றிவிடுகிறார்கள். சமையல் சோடா அந்த மாவில் சேர்ப்பதில்லை. காரம் பட்டால் அமிலம் மாவிலேயே கருத்து வீணாகும். டின்களைக் கழுத்துவரை நிரப்பி, மேலே காற்றிடம் விடாமல் மூடுகிறார்கள். அடுத்ததாக மனகோலத்துக்கு இதைச் செய்து பார்க்க இருக்கிறோம். அதில் வெல்லப்பாகு சேர்வதாலும், வெல்லத்தில் இரும்பு இருப்பதாலும், கஷாயத்தை மாவில் விடுவதா வேண்டாமா என்பதை அன்னபேதித் தட்டில் மறுபடி பார்த்த பிறகே முடிவு செய்வோம்.